அவர் கை நனைத்த வீடுகள்

போலீஸ்காரர் டீ குடித்தால் காசு தருவாரா என்று கவலைப்படுவதுதான் டீக்கடைக்காரிகளின் வழக்கம். ஒரு போலீஸ்காரர் டீ வேண்டாம் என்று சொன்னதற்காக அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதவள் இந்தப் பெங்களூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கிரைம் இன்ஸ்பெக்டர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழ் ஆள். கன்னடமும் தமிழும் அவர் வாயில் எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. யூனிஃபார்ம் போட்டு நான் பார்த்ததில்லை. கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பழைய ஸ்கூட்டர், முன்னால் மாட்டிய ஒயர் கூடையில் ஒரு தண்ணீர் பாட்டில். பாஸ்புக் என்ட்ரி போட பேங்க்குக்கு வந்தவர் மாதிரி இருப்பார். கொலை கேசைப் பார்க்க வந்தவர் என்று முதல் நாள் நான் நம்பவே இல்லை.

எங்கள் ஜீவனஹள்ளித் தெருக்கோடியில் மாதா கோயில். அதற்கு நேர் எதிரே என் டீக்கடை. காலையில் இட்லி, வடை, அதற்கப்புறம் நாள் முழுக்க டீ. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், ஆனாலும் மாதா கோயில் மணியை வைத்துத்தான் உளுந்து ஊறப்போடுவேன். அந்த மணியை அடித்துக்கொண்டிருந்தவர் பவுலண்ணன். அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் மணிக்கூண்டுப் படியின் அடியில் தலை உடைந்து கிடந்தார். வயசானவர், ஈரப்படியில் வழுக்கிவிட்டார் என்று எல்லோரும் அழுது அடக்கம் செய்தோம். அடுத்த மாதமே மேரியக்கா போனாள். மாதாவுக்குப் புடவை மாற்றி, நகையைத் துடைத்துப் போட்டுப் பூ வைக்கிறவள் அவள். பாதிரியார் பூசைக்கு உடுத்துகிற பின்னறையில், பித்தளை மெழுகுவத்தித் தண்டால் யாரோ மண்டையில் அடித்திருந்தார்கள். கதவு உடைபடவில்லை. வெளியே பூட்டியிருந்தது. அதற்கப்புறம்தான் பவுலண்ணனும் வழுக்கி விழவில்லையோ என்று ஊருக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். வந்த முதல் காரியம் என் கடையில் டீ குடித்தது.

"சக்கரை கம்மி, டிக்காஷன் ஜாஸ்தி. அந்த மசால் வடை காலைல போட்டதா, நேத்துதா?"

"நேத்து வடையை நான் நாய்க்குக்கூடப் போட மாட்டேன் சார்."

"அப்போ ரெண்டு குடு. நாய்க்குப் போடற மாதிரி வீசிடாத."

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. தினமும் வருவார், சரியான சில்லறை கொடுப்பார், தெருவைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். கேள்வி கேட்பதே தெரியாது. பூக்காரியிடம் பூவைப் பற்றிப் பேசுவார், பிணப்பெட்டிக் கடைக்காரரிடம் மரத்தைப் பற்றிப் பேசுவார். அவர்கள் வீட்டுச் சண்டை வரைக்கும் இவரிடம் வந்து சேர்ந்திருக்கும்.

அவரோடு வரும் ஏட்டம்மா ரத்னம்மாதான் ஒருநாள் என் காதருகே வந்து ரகசியத்தை உடைத்தாள். "சார்கு ஒரு பைத்தியம் இருக்கு செல்வி. யார்மேல டவுட்டோ அவங்க வூட்ல பச்சத் தண்ணி தொடமாட்டாரு. சாப்டாருன்னா அந்த வூடு கிளீன். இதே கணக்கு. நான் சொன்னேன்னு சொல்லாத."

என்னிடம் சொல்லிவிட்டு, சொல்லாதே என்றால் நடக்கிற காரியமா? அன்று சாயந்திரமே அவரைக் கேட்டுவிட்டேன். சிரித்தார்.

"பெரிய கொள்கையெல்லாம் இல்லம்மா. ஒருத்தர் வூட்ல கை நனைச்சிட்டு, அவர் கைக்கே வெலங்கு மாட்டணும்னா எனக்கு ஆவாது. ஒரு தபா மாட்டினேன். சின்ன வயசு, புது வேலை. அந்த ஆளோட பொண்டாட்டி கேட்டா, 'மத்தியானம் நீ துன்ன சோறு இன்னும் செரிச்சிருக்காதேப்பா'ன்னு. ரொம்ப நாளைக்கு எனக்குச் சோறு எறங்கல. அதான், முன்னாடியே ஜாக்கிரதையா இருந்துக்கறது."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகும் வரை நாமே கை நனைப்பதில்லையே. ஆனால் இந்த விஷயம் தெருவுக்குள் பரவியதும் கூத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியார் பேரில் கோயில் வாசலில் பன் கொடுப்பார்கள். ஃபாதர் தன் கையாலேயே ஒரு பன்னை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். இவர், "அப்புறம் வாங்கிக்கறேன் ஃபாதர்" என்று நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கத் தெருவே ஃபாதரை ஒரு தினுசாகப் பார்த்தது. பாவசங்கீர்த்தனம் சொல்லப் போன கிழவிகள்கூட நாளைக்கு வருகிறேன் என்று திரும்பி வந்தார்கள். பாவம் அந்த மனுஷர், எதற்கென்றே தெரியாமல் முகம் வாடிப்போனார். அடுத்த செவ்வாய் இவர் கேட்டு வாங்கி, வாசலிலேயே நின்று பன்னைத் தின்றார். ஃபாதர் பிழைத்தார்.

மத்தியானச் சாப்பாடு மட்டும் சவரி அங்கிள் வீட்டில். கோயிலுக்குப் பக்கத்திலேயே நீல கேட் போட்ட வீடு. சவரி அங்கிள் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர், கோயில் கமிட்டியில் பெரிய மனுஷர், கோயில் சாவி, கணக்கு, மாதா நகை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் மனைவி ரெஜினா ஆன்ட்டி இருக்கிறாளே, வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லுமுன் தட்டைக் கழுவிவிடுவாள். இன்ஸ்பெக்டர் வந்த முதல் நாளே அவர் முன்னால் தட்டு வைத்தாகிவிட்டது. மீன் குழம்பு, ரசம், மோர். அவரும் வெட்கப்படாமல் சாப்பிட்டார். தினமும் சாப்பிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது. ஸ்கூட்டரை நிறுத்தினார். நான் வழக்கம்போல டிக்காஷனை ஊற்றிவிட்டேன்.

"டீ வேணாம்மா."

"காப்பி போடட்டா சார்?"

"எதுவும் வேணாம்." என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். என் தம்பி சேகர் எலக்ட்ரீஷியன். கோயிலில் மைக் செட், சீரியல் லைட் எல்லாம் அவன்தான். அதனால் கோயிலின் மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். மேரியக்கா செத்த அன்று சாயந்திரம் மைக்கில் இரைச்சல் வருகிறதென்று அவன் உள்ளே போய் வந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒயரைப் பிரித்துப் போட்டதற்காக மேரியக்கா அவனைத் திட்டியதும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு டம்ளர் டீ அப்படியே ஆறிப்போய் நின்றது. அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். பாம்பைக்கூட அடிக்க விடாமல் கோணியில் பிடித்துக்கொண்டு போய் விடுகிறவன்.

அன்றிலிருந்து காலையில் ஸ்டேஷனுக்குப் போவான், சாயந்திரம் வருவான். ஒன்று சொல்ல வேண்டும், இன்ஸ்பெக்டர் அவன்மேல் விரல் வைக்கவில்லை. ஸ்டேஷன் மின்விசிறி நின்று நின்று ஓடுகிறதென்று அவனையே ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டு, கீழே உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார். "அக்கா, ஃபேன் சரியாச்சு, ஆனா அவர் டவுட்டுதான் சரியாவல" என்றான் சேகர். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ராத்திரிச் சோற்றைத் தொடாமல் எழுந்து போனான்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. யோசித்தேன். கை நனைத்த வீட்டில் விலங்கு மாட்ட மாட்டார், சரி. அப்போ எங்கள் வீட்டு உப்பை அவர் வாயில் போட்டுவிட்டால்? போன மாதம் குடித்த டீயெல்லாம் கடைச் சரக்கு, காசு கொடுத்துவிட்டார். வீட்டுப் பண்டம்தான் செல்லும். எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாயை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் ரெஜினா ஆன்ட்டியிடம் கொடுத்தேன். "ஆன்ட்டி, அவர் தட்டுல வைங்க. என்னுதுன்னு சொல்லாதீங்க." அவளுக்குச் சேகர்மேல் உயிர். ஒரு வார்த்தை கேட்கவில்லை, வைத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ரசத்துக்குத் தொட்டுக்கொண்டார். மோருக்கும் தொட்டுக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் வைங்கம்மா, பலே ருசி" என்று கேட்டு வாங்கினார். விரலைக்கூட நக்கினார். நான் உள்ளே போய் அவர் எதிரே நின்றேன்.

"சார், அது எங்க வூட்டு ஊறுகா. நான் போட்டது. இப்ப எங்க வூட்ல கை நனைச்சிட்டீங்க. இனிமே என் தம்பிய எப்படிப் புடிப்பீங்கன்னு பாக்கறேன்."

அவர் கை தட்டில் அப்படியே நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை, திருட்டுக் கொடுத்தவர் மாதிரி இருந்தார்.

"இன்னாம்மா இப்படிப் பண்ணிட்ட" என்றார் மெதுவாக. எழுந்து கையைக் கழுவினார். "சரி. செஞ்சது செஞ்சிட்ட. இனிமே உன் தம்பிய நான் விசாரிக்க மாட்டேன்."

ஜெயித்துவிட்டேன் என்று ஆடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரெண்டு நாளில் தெரிந்தது நான் ஜெயித்த லட்சணம். அவர் விசாரிக்க மாட்டார் என்றால் கேஸ் செத்துவிடுமா? அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டேன், நான் பார்ப்பது சரியாக இருக்காது என்று மேலே சொல்லி ஒதுங்கிக்கொண்டார். வேறொருத்தர் வந்தார். அவருக்கு உப்பும் தெரியாது, ஊறுகாயும் தெரியாது. சேகரைச் சாயந்திரம் அனுப்பவில்லை. அடுத்த நாளும் அனுப்பவில்லை. நான் சோறு கொண்டுபோனபோது ஒரு பக்கக் காது வீங்கிக் கிடந்தது. "அந்தக் காதுல சரியா கேக்கல அக்கா, இந்தப் பக்கம் வந்து பேசு" என்றான். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு என்கிறார்களாம். எத்தனை நாள் தாங்குவான்?

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டினேன். ரத்னம்மாவிடம் அட்ரஸ் வாங்கிக்கொண்டு, சிவாஜிநகர் போய், பஸ் மாறி மாறி சந்தாபுரா போய்ச் சேர்ந்தேன். லுங்கி கட்டிக்கொண்டு துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"கேஸ் எங்கிட்ட இல்லம்மா. எங்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல."

"அழ வரல சார். பசிக்குது. சோறு போடச் சொல்லுங்க."

அவர் மனைவி வாசலுக்கு வந்து, யார் என்ன என்று கேட்காமல் உள்ளே கூப்பிட்டாள். அவரைக்காய் வரத்து அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, பிதுக்கிய அவரைப் பருப்பில் அவரேபேளே குழம்பு வைத்திருந்தாள். நான் உட்கார்ந்து மூச்சு விடாமல் சாப்பிட்டேன். அழுகையும் குழம்பும் சேர்ந்து இறங்கியது. கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டேன், உப்பு ஒரு கல் கூடப் போட்டுக்கொண்டேன். கையைக் கழுவிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றேன்.

"எங்க வூட்டு உப்ப நீங்க தின்னீங்க. உங்க வூட்டு உப்ப நான் தின்னுட்டேன். ரெண்டுக்கும் சரியாப் போச்சு. நீங்க இப்போ எனக்குக் கடன்பட்டவர் இல்ல. கேஸ எடுங்க. என் தம்பிதான் செஞ்சான்னு நீங்க சொன்னா நானே கூட்டியாந்து விடறேன். ஆனா நீங்க சொல்லணும். அந்த ஆள் சொல்லக் கூடாது."

அவர் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "இத்தினி வருஷம் இது எனக்குத் தோணலியே" என்றார். "சாப்டா, திருப்பிப் போட்டுடலாம். ஆமா இல்ல?"

மேலிடத்தில் என்ன சொன்னாரோ, திங்கட்கிழமை கேஸ் அவரிடம் திரும்பி வந்தது. சேகரை உடனே விடவில்லை. ஆனால் டாக்டரைக் கூட்டிவந்து காதைக் காட்டினார். அதற்கப்புறம் கோயிலுக்குள் போய் மாதா சிலைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, உன் கழுத்துல இருக்கறது கவரிங்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆமா சார். தங்கம் வாங்கற மூஞ்சியா இது?"

"கழுத்து கறுக்குமா?"

"மழைக்காலம்னா பச்ச புடிக்கும். சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் போவாது. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தார். கோயில் படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். ரெஜினா ஆன்ட்டி கேட்டருகே வந்து, "சார், மீன் செஞ்சிருக்கேன்" என்று கூப்பிட்டாள். "வயிறு சரியில்லம்மா" என்றார். அவளுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்ததை நம்ப எனக்கு மனசு வரவில்லை. அங்கேயா, அந்த வீட்டிலா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் இட்லி எடுக்கிற நேரம். இன்ஸ்பெக்டர் சவரி அங்கிளோடு பேசிக்கொண்டே நடந்து வந்தார். பெஞ்சில் உட்காரவைத்தார்.

"அங்கிளுக்கு இட்லி, வடை குடும்மா. சட்னி நெறைய ஊத்து. எனக்கு வேணாம்." நான் தட்டை எடுக்குமுன் காசை எடுத்து என் கையில் வைத்தார். "இது நான் போடற சாப்பாடு. உன் கடைல வாங்கறேன், அவ்ளோதான்."

சவரி அங்கிள் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு இட்லி முடிந்தது. "நீங்க சாப்டலியா சார்?" என்றார்.

"இன்னிக்கு நீங்க சாப்டுங்க அங்கிள். உங்க வூட்ல நான் நெறைய சாப்டுட்டேன்."

அங்கிளின் கை சட்னியில் நின்றது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த ஊறுகாய்க் கதையும், நான் சந்தாபுரா போய்த் தின்று கணக்கைத் தீர்த்த கதையும் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? எழுந்து ஓடவில்லை, கத்தவில்லை. குனிந்து மீதி இட்லியையும் சாப்பிட்டார். வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்று முடித்தார். கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன்.

"மாதா நகைய ஒரு வருஷத்துல மூட்டுடலாம்னு இருந்தேன் சார்" என்றார். "பொண்ணு கல்யாணத்துக்கு அத அடகு வச்சிட்டு, மாதாவுக்குக் கவரிங் மாட்டினேன். பவுலு பாத்துட்டான், இது தங்கமில்லேன்னு மணிக்கூண்டுல கேட்டான். தள்ளணும்னு தள்ளல. அப்புறம் மேரி, மாதா கழுத்துல புடிச்ச பச்சக் கறையத் தொடச்சிகினு ஃபாதர்கிட்ட சொல்றேன்னா." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "ரெஜினாவுக்கு எதுவும் தெரியாது."

"தெரியும் அங்கிள். அவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். போலாமா?"

தூறல் ஆரம்பித்திருந்தது. விலங்கு மாட்டவில்லை. தன் குடையை விரித்து அங்கிள் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஜீப் நின்ற இடம்வரை நடந்தார்.

சேகர் அன்று சாயந்திரமே வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் டிக்காஷனைத் தொடாமல் காத்திருந்தேன்.

"டீ போடும்மா. சக்கரை கம்மி."

டிக்காஷன் ஊற்றும்போது கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சாப்ட வூட்ட நான் திரும்பியே பாக்கல. நகை பீரோ அந்த வூட்லதான்னு முத நாளே தெரியும். தட்டு வச்சாங்களே, அது போதும்னு உட்டுட்டேன். உன் தம்பி காதுக்கு நான்தாம்மா காரணம்."

"பாதி என் ஊறுகா சார்" என்றேன். சேகருக்கு இன்றும் அந்தப் பக்கம் மந்தம்தான்.

அவருக்கு மைசூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது. ரெஜினா ஆன்ட்டி அந்த நீல கேட்டுக்குள்ளேயே இருந்துகொண்டாள். கோயில்காரர்கள் பேசுவதில்லை. மகள் கூப்பிட்டும் போகவில்லை. காலையில் நான் இட்லி கொண்டுபோய் வைத்தால் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவளாகவே கடைக்கு வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே அவள் சுட்ட அச்சு முறுக்கு, ரோஸ் குக்கீஸ் என்பாள் அவள்.

"அந்த மனுஷன் வந்தா குடு. என்னுதுன்னு சொல்லாத."

வருவார் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. மறுநாள் வந்தார். நீல கேட்டுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்தி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கேட்டைத் தொடாமல் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். டீயோடு டப்பாவைத் திறந்து வைத்தேன். ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"யார் சுட்டதும்மா?"

"கடைல வாங்கினது சார். சிவாஜிநகர்ல."

"ஓ." நீல கேட்டைப் பார்த்தார். அப்புறம் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாக, ஒரு துண்டு விடாமல் எல்லாவற்றையும் தின்றார். தின்னும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நான் வேண்டுமென்றே பாத்திரம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது டப்பாவைக் குழாயடியில் அவரே கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் சர்க்கரை வாங்கி அதில் நிரப்பி, மூடியை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

"டப்பாவ வெறுமனே திருப்பித் தரக் கூடாது. அந்த சிவாஜிநகர் கடைக்காரருக்குக் குடுத்துடும்மா."

அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு நீல கேட்டுக்குப் போனேன். ஆன்ட்டி ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, அந்தச் சர்க்கரையைப் போட்டே இரண்டு டம்ளர் காப்பி கலந்து கொண்டுவந்தாள்.